கல்லிற் பொறித்த விதியும் கணினியின் திறந்த ஏடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் நயினாதீவும் ஒன்று. அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலிலே பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையொன்றை அது தாங்கி நிற்கின்றது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அவ்வாணை கூறுவது யாது? பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து கூடலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால் பண்டாரத்துக்குக் காற்பங்கு, உடையவனுக்கு முக்காற்பங்கு. வேறு சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. சிங்கள நாட்டு மன்னன் ஒருவனின் ஆணை தமிழிலே பொறிக்கப்பட்டமைக்குக் காரணம் வெளிப்படை. அத்துறையிலே வந்து போவோர் படித்தறியும் மொழி அதுவாக இருந்தது. விதி யாரைக் கட்டுப்படுத்துகிறதோ, அவர் அதனைத் தம் மொழியிலே படித்துப் பார்க்க இயலவேண்டும் என்ற நியாயம் அக்கல்லிலே இருக்கின்றது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கல்லை இன்று நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலத்திலும் நமது நாளாந்த வாழ்வை நடத்தும் விதிகள் பல எழுதப்பட்டுள்ளன. அவை கல்லிலோ செம்பிலோ இல்லை, கணினிக்குள்ளே இருக்கின்றன. கடிதம் எழுதுவதும், பரீட்சைக்கு விண்ணப்பிப்பதும், வங்கிக் கணக்குப் பார்ப்பதும் அவ்விதிகளின்படியே நிகழ்கின்றன. அவ்விதிகளுக்கெல்லாம் அடிப்படையானது இயங்குதளம். நமது பாடநூல்கள் அதனைப் பணிசெயல் முறைமை என்று வழங்குகின்றன. விசைப்பலகையில் விரல் பட்டவுடன் எந்த எழுத்துத் திரையில் தோன்றவேண்டும், எந்தக் கோப்பு எங்கே வைக்கப்படவேண்டும் என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. அந்த விதியேட்டைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை உண்டா? அது நம் மொழியில் நம்மோடு பேசுமா? இவ்விரு வினாக்களுக்கும் உலகம் விடை தேடிய வரலாற்றையே இன்று சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்திலே றிச்சாட் ஸ்டோல்மன் என்பவர் பணியாற்றிவந்தார். ஆய்வுகூடத்து அச்சுப்பொறியிலே தாள் சிக்கிக்கொண்டால் அதனை எல்லோருக்கும் அறிவிக்கும் வகையில் அதன் நிரலை அவர் முன்னர் திருத்தி வைத்திருந்தார். பின்னர் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதன் மூலநிரலோ மறைக்கப்பட்டிருந்தது. கேட்டும் கிடைக்கவில்லை. சிறிய நிகழ்ச்சிதான், ஆயினும் அதன் விளைவு பெரிதாயிற்று. எல்லோரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக 1983 செப்டெம்பரில் அவர் அறிவித்தார். அத்திட்டத்தின் பெயர் குனூ. 1989இல் அதற்கென ஒரு பொது உரிமமும் வகுக்கப்பட்டது. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம்; அதன் அமைப்பை ஆராய்ந்து மாற்றலாம்; படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம்; திருத்திய வடிவத்தையும் வழங்கலாம். ஆனால், பெற்ற உரிமையைப் பிறர்க்கு மறுத்தல் ஆகாது. இதுவே அவ்வுரிமத்தின் சாரம்.

ஆங்கிலத்திலே விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் இதனை விளக்க மிகவும் இடர்ப்பட்டனர். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஆதலால் நாம் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

குனூத் திட்டத்துக்கு நடுக்கரு ஒன்று மட்டும் குறைவாக இருந்தது. 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் நடுக்கரு ஒன்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டே அது குனூவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. அதுவே லினக்ஸ். 1993இல் டெபியன் என்னும் தொகுப்பு தோன்றியது. இயங்குதளத்தோடு வேண்டிய மென்பொருள்களையும் ஒருங்கு சேர்த்துச் சோதித்து வழங்குவதே இத்தகைய தொகுப்பின் பணி. ஆயினும் சாதாரண மக்கள் பயன்படுத்துதற்கேற்ற படமும் பட்டியும் நிறைந்த மேசைத்திரை அப்போது இருக்கவில்லை. 1998 யூலையில் கே.டி.ஈ. என்னும் மேசைத்திரையின் முதற் பதிப்பும், 1999 மார்ச்சில் குனோம் என்பதன் முதற் பதிப்பும் வெளிவந்தபோதுதான் அக்குறை நீங்கத் தொடங்கியது.

நேயர்களே, இனித் தமிழின் கதைக்கு வருவோம். ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னிலே 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். ஐரோப்பிய நூலகங்களிலே உறங்கிக் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களை உலகறியச் செய்த பெருமை அவருக்கு உண்டு. அவற்றுள் ஒன்று 1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்தில் அச்சிடப்பட்ட சமய வினாவிடை நூல். அதன் மொழி தமிழ். எழுத்தோ உரோம எழுத்து. தமிழ் அச்செழுத்து அப்போது வார்க்கப்படவில்லையாதலால், தமிழ் தன் முதல் அச்சு நூலிலேயே இரவல் ஆடை உடுத்தி வரவேண்டியதாயிற்று. 1578இல் கொல்லத்திலே தம்பிரான் வணக்கம் அச்சான காலத்திலேதான் தமிழ் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது. இரண்டுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள்.

கணினியிலும் இதே வரலாறு திரும்ப நிகழ்ந்தது. தொடக்க காலத்திலே தமிழர் உரோம எழுத்திலே தமிழை எழுதி அனுப்பினர். பின்னர் தமிழ் எழுத்துருக்கள் வந்தன. ஆனால், ஒவ்வோர் எழுத்துருவாக்குநரும் தத்தமக்கு விரும்பிய எண்ணைத் தமிழ் எழுத்துக்களுக்குக் கொடுத்தனர். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றொருவர் வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. ஊர்காவற்றுறையில் எழுதியதைச் சென்னையிலோ ரொறன்ரோவிலோ படிக்க வேண்டுமானால், எழுத்துருவையும் கூடவே அனுப்பவேண்டும்.

இதற்குத் தீர்வாக வந்தது யுனிகோட் என்னும் ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட பகுதியொன்று ஒதுக்கப்பட்டது. அதில் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் துணைக்குறிகளுக்கும் மட்டுமே இடம் உண்டு. 'கொ' என்று எழுத, ககரத்தையும் ஒகரக் குறியையும் கணினி அடுத்தடுத்துச் சேமிக்கும். திரையிலே காட்டும்போதோ அவ்வொகரக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இடவேண்டும். இவ்வேலையைச் செய்யத் தெரியாத இயங்குதளத்திலே கொம்பு இடம் மாறி நிற்கும். சொல் சிதைந்து தோன்றும். ஆகவே, குறியீடு வந்தது மட்டும் போதவில்லை. குறியீட்டை எழுத்தாக வடிவமைக்கும் பொறியும் வேண்டியிருந்தது.

கட்டற்ற மேசைத்திரைகளின் புதிய பதிப்புக்கள் தமிழுக்குச் செய்த முதற்பெருந் தொண்டு இதுவே. 2002 யூனில் வெளிவந்த குனோம் இரண்டாம் பதிப்பு, பாங்கோ என்னும் எழுத்து வடிவமைப்புப் பொறியைத் தன்னகத்தே கொண்டு வந்தது. 2004இல் றெட் ஹற் நிறுவனம் லோகித் என்னும் எழுத்துரு வரிசையைத் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றுக்குக் கட்டற்ற உரிமத்தில் வழங்கியது. பின்னர் ஹார்ப்பஸ் என்னும் பொதுப் பொறி வளர்ந்து, இன்று பயர்பொக்ஸ் உலாவியிலும், லிப்ரே ஒபிஸ் எழுத்துச் செயலியிலும், நம் கைகளில் உள்ள அன்ட்ரொயிட் பேசிகளிலும் தமிழ் எழுத்தை வடிவமைத்து நிற்கின்றது. ஓரிடத்திலே செய்த திருத்தம் எல்லாவிடத்தும் பயன்படுவது திறந்த மூலத்தின் இயல்பு.

இரண்டாவது தொண்டு விசைப்பலகை பற்றியது. உயிரெழுத்துக்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் வைத்த தமிழ் 99 முறையைத் தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்றுக்கொண்டது. இலங்கையிலோ தட்டச்சுப் பொறியை ஒட்டிய ரெங்கநாதன் விசைப்பலகை வழக்கில் இருந்தது. 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கைத் தரம் அதற்கு இடமளித்தது. கட்டற்ற இயங்குதளத்திலே விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால், இலங்கை என்னும் நாட்டுப் பிரிவின் கீழே சிங்களத்தோடு தமிழும் இடம்பெற்றிருத்தலைக் காணலாம். நாள், நாணயம், மொழி ஆகியவற்றை அமைக்கும் இடத்திலும் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டும் உண்டு. சிறிய வசதி என்று எண்ணற்க. தன் நாட்டின் பெயரும் தன் மொழியின் பெயரும் ஒரே வரியில் நிற்பதைக் காணும் மாணவனுக்கு, இப்பொறி தனக்கும் உரியது என்னும் எண்ணம் பிறக்கும்.

2004 ஒக்டோபரிலே உபுண்டு என்னும் தொகுப்பின் முதற் பதிப்பு வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, இரண்டாண்டுக்கு ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்ற ஒழுங்கைப் பின்னர் அது கைக்கொண்டது. 2006 யூனில் வந்த பதிப்பு குறிப்பிடத்தக்க புதுமையொன்றைக் கொண்டிருந்தது. ஒரே இறுவட்டைக் கொண்டு, கணினியில் எதனையும் அழிக்காமல் முதலில் இயக்கிப் பார்க்கலாம்; மனம் ஒப்பினால் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம். 2011 வரை அவ்விறுவட்டுக்கள் கேட்டோர்க்கெல்லாம் உலகெங்கும் தபால்மூலம் விலையின்றி அனுப்பப்பட்டன.

உபுண்டு தோன்றி இரண்டு மாதங்களிலே, 2004 டிசெம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியது. அந்தத் துயரத்தினிடையே இலங்கைத் தன்னார்வலர் சிலர் ஒன்றுகூடி, காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதியவும் சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். அடுத்த ஆண்டிலே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. பிறர் ஆக்கியதைப் பெற்றுக்கொண்ட இலங்கை, உலகுக்குத் திருப்பிக் கொடுத்த கொடை அது.

இனி, தீவுகளின் நிலையை எண்ணிப் பார்ப்போம். பண்ணைப் பாலத்தின் வழியே வேலணையூடாக ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. ஆனால், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேற வேண்டும். கடல் கொந்தளித்தால் பயணம் தடைப்படும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நெடுங்காலம் நம்பியிருந்தன. சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு அவற்றுக்கு மின்வழங்கும் இந்திய உதவித் திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சிலே கைச்சாத்தாகியது. இத்தகைய இடங்களிலே, திருத்துநரைத் தேடியோ உரிமக் கட்டணத்தை நாடியோ ஒவ்வொரு முறையும் கடல் கடந்து செல்வது எளிதன்று. கட்டற்ற தொகுப்பையோ யாழ்ப்பாணத்தில் ஒருமுறை பதிவிறக்கி, ஒரு பென் டிரைவிலே இட்டுப் படகிலே கொண்டுசென்று, எத்தனை கணினிகளிலும் நிறுவலாம். எவரும் அதனைக் களவு என்று சொல்லமாட்டார். படியெடுத்து வழங்குதலே உரிமத்தின் விருப்பம்.

இவ்விடயம் அண்மையிலே புதிய அவசரம் பெற்றுள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. குறுகிய கால நீட்டிப்பு ஏற்பாடுகள் உண்டெனினும் அவை என்றென்றைக்கும் நிலையா. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 சில பாதுகாப்புச் சில்லுகளையும் புதிய செயலிகளையும் வேண்டி நிற்பதால், நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகள் பல அதனை ஏற்க இயலாதவையாயின. நன்கொடையாக வந்த பழைய கணினிகளைக் கொண்டு பாடம் நடத்தும் சிற்றூர்ப் பாடசாலைக்கு இது பெரும் வினா. எக்ஸ்.எப்.சி.ஈ., எல்.எக்ஸ்.கியூ.ரி. முதலிய எளிய மேசைத்திரைகளைக் கொண்ட கட்டற்ற தொகுப்புக்கள் அத்தகைய பொறிகளுக்கு மேலும் சில ஆண்டுகள் வாழ்வு கொடுக்க வல்லன.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. கட்டற்ற தொகுப்புக்களும் பழையனவற்றை ஒருநாள் கைவிடுகின்றன. 2025 ஆகஸ்ட் 9ஆம் நாள் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பை, 32 பிற்றுச் செயலியைக் கொண்ட மிகப் பழைய கணினிகளிலே புதிதாக நிறுவ இயலாது. அவற்றை வைத்திருப்போர் முந்திய பதிப்பிலேயே தங்க வேண்டும். அதற்கான நீண்டகால ஆதரவு 2028 யூன் வரையில் உண்டு. திரையிலே சாளரங்களை வரைந்து காட்டும் பணியிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1984இல் தோன்றிய எக்ஸ் முறையிலே ஒரு மென்பொருள் தட்டப்படும் எழுத்தை மற்றொன்று ஒற்றுக் கேட்க வழி இருந்தது. அக்குறையை நீக்க வந்த வேலாண்ட் என்னும் முறை 2008இல் தொடங்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டுப் பதிப்பின் குனோம் மேசைத்திரை அதிலே மட்டும் இயங்குகின்றது. பாதுகாப்பு மிகுந்தது, ஆனால், தமிழ் எழுதும் முறைகளும் அப்புதிய வழிக்கேற்ப இயங்குகின்றனவா என்று தமிழர்தாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மேசைத்திரையில் தோன்றும் பட்டிகளும் அறிவிப்புக்களும் தமிழில் வருவது தானாக நிகழ்வதன்று. 2000ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தன்னார்வலர் இரவு விழித்துச் சொல்தேடி மொழிபெயர்த்ததன் பயன் அது. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதிய வசனங்கள் சேர்கின்றன. மொழிபெயர்ப்பார் இல்லாவிடில் அவ்விடத்திலே ஆங்கிலம் தோன்றும். முதலிலே ஒரு வரி, பின்னர் ஒரு பக்கம், இறுதியிலே தமிழ் ஆங்காங்கு தலைகாட்டும் கலப்புத் திரை என்று அது தேய்ந்துவிடும். யாரும் தமிழை விலக்கவில்லை. ஆனாலும் தமிழ் விலகிப்போகும்.

நெடுந்தீவுக்குச் சென்றோர் அங்குள்ள மதில்களைக் கண்டிருப்பர். பவளக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் அவை. எப்படி அடுக்கப்பட்டதென்பதை யாரும் பார்க்கலாம். விழுந்த கல்லை யாரும் எடுத்து வைக்கலாம். ஆனால், எடுத்து வைப்பார் இல்லையானால் மதில் சரியும். கட்டற்ற மென்பொருளின் பலமும் பலவீனமும் இதுவே.

எழுத்தின் இழப்பு எத்தகையது என்பதை நம் நாட்டவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக் கணக்கில் எண்ணிமமாக்கி எவரும் படிக்க வைத்துள்ளது. அது இயங்குவதும் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருளில்தான். பூட்டப்பட்ட வடிவத்திலே சேமித்த நூல், பூட்டின் உரிமையாளர் கடையை மூடும் நாளிலே மீண்டும் எரிந்த நூலாகிவிடலாம். திறந்த வடிவத்திலே சேமித்ததையோ வருங்காலத்தவர் எவரும் படித்துக்கொள்வர்.

ஆதலின் நேயர்களே, தீவகத்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கி ஒரு வேண்டுகோளுடன் இப்பேச்சை முடிக்கின்றேன். உங்கள் பாடசாலையிலே பழைய கணினியொன்று மூலையிற் கிடக்குமாயின், அதிலே கட்டற்ற தொகுப்பொன்றை நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். மொழியைத் தமிழாக்குங்கள். எங்கே ஆங்கிலம் எஞ்சி நிற்கிறதோ, எங்கே சொல் பொருத்தமின்றி இருக்கிறதோ, அதனைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வசனத்துக்கு நல்ல தமிழ் தந்து அனுப்ப எவருக்கும் உரிமை உண்டு. நீங்கள் தந்த சொல் ஆய்வுக்குப்பின் ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பிலே அது உலகெங்கும் உள்ள தமிழர் திரையிலே தோன்றும். நயினாதீவுக் கல்லிலே தமிழைப் பொறிக்க ஒரு பேரரசனின் ஆணை வேண்டியிருந்தது. இன்று அதற்கு ஒரு மாணவனின் ஒரு மாலைப்பொழுது போதும்.